ரியோ நீக்ரோ தண்ணி ஏன் கறுப்பு?

ஹட்டன் பையன்: பிரேசில்ல ரியோ நீக்ரோ ஆத்துத் தண்ணி நம்ம பிளேன்டீ கலர்லயே இருக்கே, அழுக்கா அது?

கொழுந்து: அழுக்கில்ல தம்பி, காட்டு இலைதழை ஊறி சாயம் இறங்குது, கிளாஸ்ல அள்ளுனா வெளிர் தேத்தண்ணி மாதிரி இருக்கும். புளிப்புத்தன்மை கூட, அதனால நுளம்பு குறைவு. வெள்ளக் காலத்துல காடே மாசக்கணக்கா முங்கிரும், மீனெல்லாம் மரத்துக்கு நடுவுல நீந்தி உதிர்ற பழத்தத் திங்கும், எனக்கு அதான் பெரிய ஆச்சரியம்.

மீன்தொட்டி: நம்ம தொட்டியில விடுற கார்டினல் டெட்ரா மீனுக்கு சொந்த ஊரே அதுதான், அங்க பார்சலோஸ்ங்கிற ஊர் பக்கம் ஆத்தோர சனங்க சின்ன படகுல போய் பிடிச்சு வித்துப் பிழைக்கிறாங்க. அந்தத் தொழில் நிலைக்கணும்னா காடும் நிலைக்கணும்ல.

கொழுந்து: உண்மை. மனாவுஸ் நகரத்துக்கிட்ட ரியோ நீக்ரோ, சோலிமோயிஸ்ங்கிற மண்கலர் ஆத்தோட சேந்தும் 6 கிலோமீட்டர் அளவுக்கு கலக்காம, கறுப்பும் மண்கலரும் பக்கத்துல பக்கத்துல ஓடும்.