தனியாகப் பழக கிராப்ளிங் டம்மி (கட்டிப் புரண்டு பழகும் ஆளுயரப் பொம்மை) வாங்கலாமா? மண்டபம் பக்கம் பார்ட்னர் இல்லை

மண்டபம்_72

வணக்கம். எனக்கு 27 வயது, 72 கிலோ. சென்னையில் வேலையில் இருந்த இரண்டு வருடமும் விடாமல் ஜியு ஜிட்சு (ஆளைத் தரையில் கட்டிப் பிடித்து மடக்கும் கலை) வகுப்புக்குப் போனேன், வெள்ளை பெல்ட்டில் மூன்று கோடு வாங்கியிருந்தேன். அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் போன ஐப்பசியில் ஊருக்கே வந்துவிட்டேன். படகுக் கணக்கு, ஐஸ், டீசல் எல்லாம் இப்போது என் பொறுப்பு. அதில் சிரமம் இல்லை, கட்டிப் புரள ஆள் இல்லாததுதான் சிரமம். மதுரைக்குப் போய்ப் பழகலாம் என்றால் ஒரு வழிக்கே சுமார் 150 கிலோமீட்டர், வாரம் ஒருமுறைகூட நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவான். இரண்டு தடவை கழுத்தைப் பிடித்தால் மூன்றாவது தடவை "வேணாம் மாப்ள, வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் தனியாகச் செய்யக்கூடியதைச் செய்கிறேன். இடுப்பை இழுத்து நகர்வது, படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், காலைப் பின்னால் வீசிப் படுக்கும் ஸ்ப்ரால், விழுந்து எழுவது, இவ்வளவுதான். ஆனால் போன வாரம் மச்சான் மேல் மவுண்ட்டில், அதாவது வயிற்றில் ஏறி உட்கார்ந்து, ஆர்ம்பாருக்கு (கையை நீட்டி முழங்கையை மடக்கும் பிடி) திரும்பும்போது என் வலது கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு நொடி தெரியவில்லை. ஆயிரம் தடவை செய்த அசைவு. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

ஆன்லைனில் ஆறடி டம்மியின் உறையை மட்டும் விற்கிறார்கள், உள்ளே நாமே அடைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கிற காசுக்குத் தகுமா? எதிர்ப்பே காட்டாத பொம்மையோடு பழகினால் தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பில் ஒரு சீனியர் சொல்லியிருந்தார், அதுவும் மனதில் ஓடுகிறது. அப்புறம் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். இரும்பு கேட்டே இரண்டு வருடத்தில் பொரிந்து உதிர்கிறது, இந்த உப்புக்காற்றில் டம்மி எத்தனை நாள் தாங்கும்? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_ஜூடோ

தம்பி, நான் ஜூடோக்காரன், பிடித்து எறிந்தே பாதி வயது போய்விட்டது. டம்மியால் ஆகாததை முதலில் சொல்லிவிடுகிறேன். எறிவதற்கு முன்னால் எதிராளியின் நிலையைக் குலைக்க வேண்டும், அதை குசுஷி என்போம். அவன் தள்ளும்போது விட்டுக்கொடுக்க வேண்டும், பின்வாங்கும்போது கூடவே போக வேண்டும், பாதி வித்தை அதில்தான் இருக்கிறது. பொம்மை தள்ளாது, பின்வாங்காது, பயப்படாது. இரண்டு பேரும் முழு எதிர்ப்போடு பிடித்துப் பழகுவதற்கு ரண்டோரி என்று பேர். 1882-ல் கோடோகன் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ அதற்கு அவ்வளவு இடம் கொடுத்தார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து டம்மி வாங்கினாலும் அது ரண்டோரிக்கு வராது.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்கு மறந்தது குசுஷி இல்லை, கால் போகும் வழி. அதற்கு டம்மி நன்றாகவே உதவும். மவுண்ட்டில் இருந்து ஆர்ம்பார், அங்கிருந்து எழுந்து சைடு கண்ட்ரோல் (பக்கவாட்டில் நெஞ்சோடு நெஞ்சு வைத்து அமுக்குவது), முழங்காலை வயிற்றில் வைத்து ஏறுவது, தலைப்பக்கம் சுற்றி மறுபக்கம் இறங்குவது. நிற்காமல் 4 நிமிடம் செய்யுங்கள், எங்கள் ஜூடோ போட்டியின் நேரமும் அதுதான். நடுநடுவே கழுத்தையும் கையையும் அணைத்து அமுக்கும் கேசா கடாமேயில் 20 வினாடி அமுக்கிப் பிடியுங்கள், போட்டியில் முழுப் புள்ளிக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும். மூன்று சுற்று முடித்தால் மூச்சு வாங்கும்.

உங்கள் சீனியர் சொன்ன தப்பான பழக்கம் உண்மைதான், எங்கே வரும் என்று தெரிந்துகொண்டால் தடுக்கலாம். கடை டம்மியின் கை எப்போதும் முன்னால் நீட்டிக்கொண்டே நிற்கும், ஆர்ம்பார் கேட்டவுடன் கிடைத்துவிடும். மனிதன் அப்படித் தரமாட்டான், கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். அதனால் டம்மியின் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு துண்டால் நெஞ்சில் இறுக்கிக் கட்டிவிடுங்கள், அந்தக் கட்டை அவிழ்க்கிற வேலை உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொன்று, பொம்மை இடுப்பை நகர்த்தாது என்பதால் உங்கள் இடுப்புக்கும் அதன் தோளுக்கும் நடுவில் இடைவெளி விட ஆரம்பிப்பீர்கள், உங்களுக்கே தெரியாது. செல்போனைத் தரையோடு வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள், வெளிச்சம் எந்த இடத்தில் ஊடுருவுகிறதோ அங்கேதான் ஆள் தப்பிப்பான்.

எறிவதற்கு டம்மி வேண்டாம். பழைய சைக்கிள் டியூபைத் தென்னையில் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பித் திரும்பி நுழையுங்கள். எறியாமல் நுழைவதை மட்டும் பழகும் உச்சிகோமிக்கு அதுவே போதும், காசும் செலவில்லை.

பாம்பன்_கித்தான்

தகும் அண்ணே, ஆனால் உறைக்குக் காசு கொடுக்காதீர்கள், நம் ஊரில் இருந்துகொண்டு அதை விலைக்கு வாங்குவது அநியாயம். நான் இதுவரை மூன்று டம்மி செய்துவிட்டேன், மூன்றாவதுதான் இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்கிறது.

முதலாவதில் கடல் மணலை அடைத்தேன். காய்ந்த மணல் ஒரு லிட்டரே 1.6 கிலோ பக்கம் வரும், ஆளுயர உறையை முழுக்க அடைத்தால் 100 கிலோவைத் தாண்டும், புரட்டவே முடியாது. நான் இடுப்புக்குக் கீழே மட்டும் அடைத்தேன், ஒரே மாதத்தில் தொடை இடுக்கில் தையல் விட்டுவிட்டது. அதைவிட மோசம், கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கார்த்திகையில் உறையெல்லாம் பூசணம் பிடித்து வீட்டுக்குள் வைக்க முடியாத நாற்றம். இரண்டாவதில் பழைய துணி மட்டும் அடைத்தேன், வயிற்றில் முழங்காலை வைத்தால் குழி விழுந்து அப்படியே கிடந்தது.

மூன்றாவதில் கிழிந்த நைலான் வலை. பாம்பனில் கரையோரம் குவிந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். தண்ணீர் குடிக்காது, மக்காது, அமுக்கினால் திரும்ப எழும்பும். ஆனால் தங்கூசி வலை மட்டும் வேண்டாம், நரம்பு விறைப்பாக இருக்கும், துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டி முகத்தில் கீறிவிடும். முறுக்கு நூல் வலையைக் கையால் தடவித் தடவி மிதவையையும் ஈயத்தையும் அறுத்து எடுத்துவிட வேண்டும். நான் ஒரே ஒரு ஈயக்குண்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், அது டம்மியின் விலாப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு சைடு கண்ட்ரோலுக்கு இறங்கும்போதெல்லாம் என் நெஞ்செலும்பில் ஒரே இடத்தில் குத்தியது. தையலைப் பிரித்துப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

வெளி உறைக்கு பருத்திக் கித்தான் இரண்டு மடிப்பு. பிளாஸ்டிக் தார்ப்பாய் வியர்வையில் வழுக்கும், முழங்கை தோலை எடுத்துவிடும். வலை ஊசியில் நைலான் நூல் கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு போடுங்கள், வலைக்குப் போடுவது மாதிரியே. அப்படிச் செய்தால் ஒரு இடத்தில் அறுந்தாலும் தையல் ஓடாது. எங்கள் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சு சொல்லிக்கொடுத்தார், எதற்கு என்று கேட்கவே இல்லை, தையல் கோணலாகப் போனால் மட்டும் பிரிக்கச் சொல்லிவிடுவார். முழங்கை, முழங்கால் வரும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு எதையும் அடைக்காமல் குறுக்கே இரண்டு வரி தைத்துவிடுங்கள், மடங்கும். கழுத்துக்குள் பழைய படகுக் கயிற்றைச் சுருட்டி நெட்டுக்குத்தாக வைத்தேன். கழுத்து தொங்கிப் போனால் சோக் (கழுத்தை நெரிக்கும் பிடி) பழகவே முடியாது, விலைக்கு வாங்கும் டம்மிகளில் முதலில் போவதும் கழுத்துதான். ஜிப் வைக்காதீர்கள், துருப்பிடிக்கும். முதுகில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கட்டுங்கள், வெயில் நாளில் அவிழ்த்துக் காயவைக்கலாம்.

எடைக்கு, கழுவி வெயிலில் காயவைத்த ஆற்று மணலை இரட்டைப் பையில் கட்டி இடுப்பிலும் தொடையிலும் மட்டும் வைத்தேன். மொத்தம் 34 கிலோ. நம் எடையில் பாதி இருந்தால் போதும், கூடக்கூட இடுப்புக்குக் கேடு. மேலே பழைய ஜூடோ சட்டையை மாட்டிவிட்டேன், காலர் பிடிக்க வேண்டுமே.

சாயல்குடி_கபடி_அக்கா

தம்பி, பாம்பன் தம்பி இவ்வளவு பொறுமையாகச் செய்ததைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நம் கரையில் ஆள் இல்லை என்கிறீர்களே, சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தக் கடற்கரைக் கிராமத்துக்குப் போனாலும் கபடி ஆடிக்கொண்டிருக்கிறார்களே! கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி. 30 வினாடி ரெய்டுக்குள் முழு பலத்தோடு திமிறுகிற ஆளை நிறுத்துகிறவர்கள் அவர்கள். ஒற்றைக் காலைப் பிடித்துச் சாய்ப்பதை நீங்கள் சிங்கிள் லெக் என்று சொல்கிறீர்களே, அதை எங்கள் ஓரத்தில் நிற்கும் கார்னர் பிள்ளைகள் பேர் தெரியாமலே தினம் செய்கிறார்கள். அவர்களுக்குத் தரையில் படுத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாது, அதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

அதிலும் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. பையன்கள் கரையில்தான் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

டம்மியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்கு எடைக்கு எடை ஜோடி கிடைப்பது கஷ்டம், வீட்டில் அனுப்பவும் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு பழக ஒரு பொம்மை இருந்தால் அது பெரிய விஷயம். ஒன்றே ஒன்று, தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள். என்னிடம் பழகிய ஒரு பிள்ளை மூட்டையைக் கட்டிப்பிடித்து இடுப்பை மடக்கித் தூக்கி, மூன்று வாரம் குனிய முடியாமல் கிடந்தாள். ஆள் என்றால் தூக்கும்போது தானும் கொஞ்சம் எழுந்து கொடுப்பான், மூட்டை பிணம் மாதிரி கனக்கும். முழங்காலை மடக்கி, நெஞ்சோடு ஒட்டி எடுங்கள். பின்பக்கமாக வளைந்து எறிவதெல்லாம் தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

மணலில் உருளப் போகிறீர்கள் என்றால் சல்லடையில் சலித்துவிட்டு உருளுங்கள். சீமைக் கருவேல முள் மேலே தெரியாது, முழங்காலுக்குள் ஒடிந்துவிட்டால் சீழ் வைத்துவிடும்.

தொண்டி_ஜூடோ

அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. கபடியில் ஆளை நிறுத்தினால் விசில் ஊதிவிடுவார்கள், அதோடு முடிந்தது. அதனால் அவர்களுக்கு வலி வந்தால் விடச்சொல்லித் தட்டும் பழக்கம் இருக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு திமிறுவார்கள். முதல் நாள் முழுக்க தட்டுவதையும், தட்டினால் அந்த நொடியே விடுவதையும் மட்டும் பழக்குங்கள். முதல் மாதம் ஆர்ம்பாரோ சோக்கோ போடவே வேண்டாம், பிடித்து அமுக்கி வைப்பது, தப்பிப்பது, அவ்வளவு போதும். காலைத் திருகும் பிடிகள் பக்கமே போகாதீர்கள், அந்தப் பையன்கள் முழங்காலை நம்பித்தான் ஆடுகிறார்கள்.

மண்டபம்_72

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கபடி எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் தெருப் பையன்களே நாலு பேர் ஆடுகிறார்கள், நாளைக்கே போய்ப் பேசுகிறேன். ஆனால் விடியற்காலை நாலரைக்கு ஐஸ் ஏற்ற ஆள் வருவதற்கு முன்னால் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும், அப்போது யாரையும் எழுப்ப முடியாது. அதற்கு டம்மிதான் சரி.

ஒரு சந்தேகம். நான் கீழே படுத்து, மேலே வருபவனைக் காலால் தடுக்கும் கார்டு பழகத்தான் அதிகம் ஆசைப்படுகிறேன். அதற்கு டம்மி உதவுமா?

பாம்பன்_கித்தான்

அதில் மட்டும் ஏமாறாதீர்கள் அண்ணே. மேலே தூக்கி வைத்தால் சாய்ந்து விழும், பாரத்தை உங்கள் மேல் இறக்காது, உங்கள் காலைத் தாண்டிப் போகவும் முயற்சி செய்யாது. காலால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிளுக்குக் காலைப் பூட்டும் கோணம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், கார்டுக்கு ஆள் வேண்டும். நான் டம்மியோடு பழகுவதில் முக்கால்வாசி மேலிருந்து செய்வதுதான்.

மண்டபம்_72

சரி, புரிந்தது. அப்போது காலையில் டம்மியோடு மேலிருந்து, சாயங்காலம் பையன்களோடு கீழே. உங்களுடையதை நேரில் பார்க்கலாமா? கழுத்துக் கயிறு எப்படி நிற்கிறது என்று எழுத்தில் பிடிபடவில்லை.

பாம்பன்_கித்தான்

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள் அண்ணே, அப்பாவும் இருப்பார். கித்தானை மட்டும் ராமநாதபுரத்தில் வாங்கி, வரும்போதே ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் மழையிலேயே சுருங்கி முடிச்செல்லாம் இழுத்துக்கொள்ளும். ஊசியும் நூலும் இங்கே இருக்கிறது.