திருகோணமலை டவுனுக்குக் கிட்ட வாடகை வீடு: பார்த்ததும் பட்டதும்

அன்புவழிபுரத்தில் இருந்து:

கணவருக்கு மேசன் வேலை, எனக்குத் தையல். மாதச் சம்பளம் இல்லை என்றதுமே பலர் முகம் மாறிவிடும். உவர்மலைப் பக்கம் கேட்டால் "கவுண்மேந்து உத்தியோகமா?" என்பதுதான் முதல் கேள்வி. மாகாண சபை அலுவலகங்கள் இங்கே இருப்பதால் மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து மாற்றலாகி வருபவர்களும் வீடு தேடுகிறார்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும்தானே. ஆனால் கூலி வேலை செய்பவர்கள் எங்கே போவது? கடைசியில் டவுனை விட்டுத் தள்ளித்தான் தேடினோம்.

வாடகையை மட்டும் கேட்டுவிட்டு ஓம் சொல்லாதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு வளவில் மூன்று குடும்பத்துக்கு ஒரே கரண்ட் மீற்றர். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பது தெரியும்தானே. தனியாக இருந்தால் 60 யூனிட்டுக்குள் முடிக்கிற குடும்பமும், மூன்று வீட்டுப் பாவனையும் சேரும்போது மேல் விலையில் கட்ட வேண்டி வரும். சப் மீற்றர் போட்டாலும் யார் எவ்வளவு பாவித்தார்கள் என்றுதான் தெரியும், விலை குறையாது. பழைய பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாடகை குறைவு என்று சொல்லி கரண்டில் எடுப்பது ஏழைகளின் வயிற்றில் அடிக்கிற வேலை.

உப்புவெளியில் இருந்து:

அக்கா சொன்னது சரி. எங்கள் பக்கம் வேறு பிரச்சினை. மாரியில் வெறுமனே கிடக்கிற அறைகளைக் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். ஏப்ரல் மாதம் வெள்ளைக்காரர் சுற்றுலா வரத் தொடங்கினால் "தம்பி, வேற இடம் பாருங்கோ" என்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது, கைக்குழந்தையோடு. அதனால் ஒரு வருடத்துக்கு எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், கிணற்றுத் தண்ணியை வாயில் வைத்துப் பாருங்கள். கடற்கரைக்குக் கிட்ட உப்பு ஏறின கிணறுகள் இருக்கின்றன. குடிக்கக் காசுக்குத் தண்ணி வாங்கினால் அதுவும் வாடகைதான்.

பாலையூற்றில் இருந்து:

பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்க இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாடசாலைக்குக் கிட்ட இருக்கிறோம் என்று காட்ட வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் பெயர் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களின் பெயரைப் பதிய நிறைய உரிமையாளர்கள் விடமாட்டார்கள், பிறகு வீட்டை உரிமை கேட்பார்களோ என்ற பயம். வாக்காளராகப் பதிந்தால் வீடு யாருக்கும் சொந்தமாகாது. எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு கிராம சேவகரே இதை விளங்கப்படுத்தினார், அதன் பிறகுதான் சம்மதித்தா. முற்பணம் கொடுப்பதற்கு முதலே இதைப் பேசி முடியுங்கள். கொடுத்த காசுக்குக் கையெழுத்தோடு துண்டும் வாங்குங்கள்.