பின் டயர்: திரி போதுமா, மாத்தணுமா

குழு: நம்ம குடும்பம் (கம்பம் – வண்டிப்பெரியார்)

நான்: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா. குமுளியில இருந்து எறங்கும்போது பைக்கு பின் டயர் பஞ்சர், உள்ள ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர். இரைச்சல் பாலம் தாண்டுனதும் வண்டி இங்குட்டும் அங்குட்டும் இழுக்குது, மழை வேற, இருட்டு, முன்னாடியும் பின்னாடியும் சாமி வண்டிக, ஒதுங்க எடமே இல்ல, அப்படியே ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டிக்கிட்டே லோயர் கேம்ப் வந்து சேந்தேன். கடையில ஆணிய புடுங்கி ஓட்டையில ரப்பர் திரி வச்சு அடைச்சு விட்டாங்க, 150 ரூவா. இப்ப காத்து நிக்குது. காலைல அம்மாவ பின்னாடி வச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்கு மலை ஏறணும், அதான் கேக்குறேன். இது போதுமா இல்ல டயரே மாத்தணுமா

அக்கா: ஆத்தாடி, உனக்கு ஒண்ணும் ஆகலல்ல தம்பி

நான்: இல்லக்கா நல்லாருக்கேன்

மச்சான்: டயர் போட்டு எவ்ளோ நாளாச்சு மாப்ள

நான்: ரெண்டு வருசம் கூட ஆகல மச்சான். ரோட்டுல படுற பட்டன் நல்லா இருக்கு, தேய்மானம் காட்டுற டிடபிள்யூஐ மேடு வரைக்கும் தேய இன்னும் நெறைய கெடக்கு. மனசே வரமாட்டேங்குது

மச்சான்: அப்பறம் எதுக்கு மாத்தணும். திரிய நம்பலேன்னா உள்ள ஒரு ட்யூப் போட்டு விடு, செலவு கம்மி

சித்தப்பா: ஆணி எங்க ஏறுச்சு நடுவுலயா ஓரத்துலயா

நான்: நடுவுல தான் சித்தப்பா. ஓட்டை 3, 4 எம்எம் தான் இருக்கும். சோப்புத்தண்ணி ஊத்தி பாத்தேன், திரியில முட்டை வரல, வால்வுலயும் வரல

சித்தப்பா: நடு பட்டன்ல 6 எம்எம்முக்கு உள்பட்ட ஓட்டைன்னா ரிப்பேர் பண்ணலாம் அதுல தப்பே இல்ல. சைடுல ஏறிருந்தா பேச்சே கெடையாது, மாத்தணும். ஆனா நான் கேக்குறது வேற. காத்து எறங்குனதுக்கு அப்பறம் எவ்ளோ தூரம் ஓட்டுன

நான்: ஒரு 3 கிலோமீட்டர் இருக்கும்

சித்தப்பா: வினை அங்க தான்ப்பா. ஆணி போட்ட ஓட்டை ஒண்ணுமே இல்ல, காத்தில்லாம ஓட்டுனதுல சைடு ரெண்டும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல மாட்டி மடங்கி மடங்கி வந்துருக்கும், அந்த சூட்டுல உள்பக்கம் ரப்பர் அரைஞ்சு போகும். வெளிய இருந்து பாத்தா புது டயர் மாதிரி இருக்கும், காத்தும் நிக்கும். திரி வெளிய இருந்து குத்துறது, உள்ள என்ன ஆச்சுன்னு கடைக்காரரும் பாத்துருக்க மாட்டாரு நீயும் பாக்கல

மச்சான்: அதுக்கு தான் சித்தப்பா ட்யூப் போட சொல்றேன், காத்து ட்யூப்ல இருக்கும்ல

சித்தப்பா: இல்ல மாப்ள. ட்யூப் காத்த பிடிக்கும் அவ்ளோதான், அந்த காத்தோட அழுத்தத்த தாங்கி நிக்கிறது டயருக்குள்ள ஓடுற நூலு. நூலு போச்சுன்னா ட்யூப் பிதுங்கி ஒரே நொடியில வெடிக்கும். ட்யூப்லெஸ்ல ஆணி ஏறுனாலும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், வண்டிய நிறுத்த நேரம் கெடைக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டு 28 வருசம் கம்பம்மெட்டு ரோட்டுல ஜீப் ஓட்டிருக்கேன், டயர் விசயத்துல மட்டும் பாத்துக்கலாம்னு விட்டதே கெடையாது

அக்கா: தம்பி அம்மாவ வண்டில கூட்டிட்டு வராத, பஸ்ல ஏத்தி விடு சொல்லிட்டேன்

சித்தப்பா: காலைல கம்பத்துல கடைக்கு போயி டயர ரிம்ல இருந்து கழட்ட சொல்லு. உள்ள கைய விட்டு தடவி பாரு. வழவழன்னு இருந்தா அந்த திரிய எடுத்துட்டு உள்பக்கமா காளான் பேட்ச், அதான் காளான் மாதிரி தண்டும் குடையும் இருக்குற ஒட்டு, வச்சு ஓட்டு, இன்னும் ஒரு வருசம் ஓடும், நானே வேணாம்னு சொல்லமாட்டேன். கையில ரப்பர் பொடி வந்தா டயர மாத்திரு

*காலை 8.40*

நான்: சித்தப்பா கழட்டியாச்சு. ரிம்ல இருந்து எடுத்ததும் உள்ள இருந்து கருப்பா மாவு மாதிரி கொட்டுது, ஒரு கைப்பிடி இருக்கும். வெரல வச்சு இழுத்தா மை மாதிரி ஒட்டுது. சைடுல சுத்தி வளையம் போட்ட மாதிரி ஒரு கோடு, ஒரு எடத்துல ரப்பர் அரைஞ்சு நூலே தெரியுது. வெளிப்பக்கம் அதே எடத்த திருப்பி பாத்தேன், ஒரு கீறல் கூட இல்ல. கை நடுங்கிருச்சு

அக்கா: முருகா

மச்சான்: மாப்ள நான் சொன்னத விடு, புதுசு போடு. பணம் இருக்கா

நான்: டயர் 2,350, வால்வும் மாட்டுற கூலியும் தனி. சம்பளம் வர இன்னும் 6 நாள் இருக்கு மச்சான்

அக்கா: 2,000 ஜிபே பண்ணிருக்கேன் பாரு. திருப்பி தர்றேன்னு பேசாத

சித்தப்பா: 100/90-17 தானே, அதே அளவு போடு, அகலமா கேக்காத. சைடுல நாலு நம்பர் இருக்கும் பாத்து சொல்லு

நான்: 1021

சித்தப்பா: 2021ல 10வது வாரம் செஞ்சது. அதே காசுக்கு நாலு வருசம் குடோன்ல கெடந்தத எதுக்கு வாங்கணும், வேற எடுக்க சொல்லு

நான்: மொகத்த சுளிச்சாங்க, ஆனா உள்ள போயி எடுத்துட்டு வந்துட்டாங்க. இது 2225

சித்தப்பா: இது சரி. அம்புக்குறி சக்கரம் முன்னாடி சுத்துற பக்கம் பாக்கணும். ரிம்ம சும்மா சுத்தி விட்டு பாரு, நெளிவு இருக்கான்னு

நான்: ரிம் நேரா சுத்துது, அம்பும் சரியா இருக்கு

சித்தப்பா: காத்து ஒத்தையில போனா 28 பிஎஸ்ஐ, பின்னாடி ஆளு ஏறுனா 32. டயர் ஆறி இருக்கும்போது பிடி. புது டயர் மேல வழுக்கும், முதல் 100 கிலோமீட்டர் வளைவுல சாய்க்காத, ஈர ரோடு வேற. இன்னைக்கு அம்மா பஸ்லயே போகட்டும்

நான்: சரி சித்தப்பா

சித்தப்பா: இன்னொண்ணு. பழைய டயர அப்படியே விட்டுட்டு வராத. பட்டன் இருக்கேன்னு எவனாச்சும் 300 ரூவாய்க்கு வாங்கி மாட்டிருவான். அவனும் பிள்ளைய பின்னாடி வச்சு மலை ஏறுவான். சைடுல கத்திய வச்சு அறுத்து போட்டுட்டு வா

நான்: அறுத்தாச்சு. நூல் தெரிஞ்ச எடத்துல கத்தி வெண்ணெய்ல எறங்குற மாதிரி எறங்கிருச்சு சித்தப்பா

அக்கா: அம்மா பஸ் ஏறிட்டாங்களாம், கூடலூர் தாண்டிட்டாங்க. குமுளி ஸ்டாண்டுல அவரு நிப்பாரு. நீ மெதுவா வா தம்பி