அதிபர் கையெழுத்துப் போடாத மசோதா: சட்டமாகுமா, செத்துப்போகுமா?

திண்ணைவாசி:
அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, ஏழாவது உட்பிரிவில் ஒரு குழப்பம். அதிபர் பத்து நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும் என்கிறது. அதே மூச்சில் ஆகாது என்றும் சொல்கிறது. பாக்கெட் வீட்டோ என்பது இந்த இரண்டாவதுதானா? பத்து நாளை எங்கிருந்து எண்ணுவது, சபையில் ஓட்டெடுப்பு முடிந்த நாளிலிருந்தா? வீட்டோவை, அதாவது அதிபர் மசோதாவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புவதை, முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு என்றால் பிரதிநிதிகள் சபையின் 435 பேரில் 290 தானே?

பழையபேப்பர்:
ஓட்டெடுப்பு நடந்த நாளுக்கு இதில் வேலையே இல்லை. இரு சபையும் நிறைவேற்றியதும் மசோதாவின் இறுதிப் பிரதி தயாராகி, இரு சபைத் தலைமையும் அதில் கையெழுத்திட்டு, வெள்ளை மாளிகையில் ஒப்படைக்க வேண்டும். இந்த இடைவெளி சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஒப்படைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என எண்ணுங்கள். ஞாயிறு மட்டும் கணக்கில் வராது, மற்ற விடுமுறைகள் வரும்.

2021 நிதியாண்டுக்கான ராணுவ மசோதாவை வைத்து எண்ணிப் பாருங்கள். டிரம்ப்பிடம் அது போனது 2020 டிசம்பர் 11, வெள்ளி. 12 சனி, ஒன்று. 13 ஞாயிறு, தள்ளு. 14 முதல் 19 வரை ஆறு நாள், ஆக ஏழு. 20 ஞாயிறு, தள்ளு. 21, 22, 23. அவர் வீட்டோ செய்தது 23-ம் தேதி, அதாவது கடைசி நாளில்.

290 கணக்கு தப்பு. கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருந்தால் போதும், ஓட்டுப் போட்டவர்களில்தான் மூன்றில் இரண்டு பங்கு பார்ப்பார்கள். அதே மசோதாவுக்கு டிசம்பர் 28 அன்று பிரதிநிதிகள் சபையில் 322-87. மொத்தம் 409 ஓட்டு, தேவை 273. செனட்டில் ஜனவரி 1 அன்று 81-13, தேவை 63. புத்தாண்டு அன்றே கூடி முடித்ததற்குக் காரணம் உண்டு: ஜனவரி 3 நண்பகலோடு அந்தக் காங்கிரஸின் (இரு சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின்) ஆயுள் முடிந்தது. அதைத் தாண்டியிருந்தால் மசோதா காலாவதி, புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

வரிக்குதிரை:
பாக்கெட் வீட்டோவுக்கு வருகிறேன். பத்து நாள் முடியும்போது காங்கிரஸ் கூட்டத்தில் இருந்தால் கையெழுத்து இல்லாமலே சட்டம். காங்கிரஸ் ஒத்திவைக்கப்பட்டு, அதனால் மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால், அதோடு செத்தது. திருப்பி அனுப்பினால்தானே முறியடிக்க முடியும்? இதில் மறு ஓட்டெடுப்புக்கே இடமில்லை.

சண்டையெல்லாம் "ஒத்திவைப்பு" என்ற சொல்லில்தான். இரு கூட்டத்தொடர்களுக்கு நடுவே உள்ள ஒத்திவைப்பிலும் பாக்கெட் வீட்டோ செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1929-ல். செனட் மட்டும் மூன்று நாள் கலைந்திருந்தால் செல்லாது, அதன் செயலாளரிடம் கொடுத்தால் போதும் என்றது 1938-ல். 1970 கிறிஸ்துமஸ் இடைவேளையில் நிக்ஸன் ஒரு மருத்துவக் கல்வி மசோதாவை இப்படிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். செனட்டர் எட்வர்ட் கென்னடி வழக்குப் போட்டார். அது சட்டமாகிவிட்டது என்று 1974-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது இரு தரப்பும் முன்ஜாக்கிரதை. விடுமுறையிலும் சில நாளுக்கு ஒருமுறை ஓர் உறுப்பினர் வந்து சுத்தியலைத் தட்டிவிட்டுப் போவார், சபை கூடியதாகக் கணக்கு. அதிபரும் "இது பாக்கெட் வீட்டோ" என்று சொல்லிக்கொண்டே மசோதாவைத் திருப்பியும் அனுப்பிவிடுவார். 2007 டிசம்பரில் ராணுவ மசோதா ஒன்றுக்கு ஜார்ஜ் புஷ் செய்தது இதையே. பிரதிநிதிகள் சபை அதைச் சாதாரண வீட்டோவாகவே எடுத்துக்கொண்டது.

நம் ஊர் தேர்வுப் புத்தகங்களில் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடாமல் வைத்திருந்த 1986 தபால் மசோதாவை இதோடு சேர்த்துப் படித்துக் குழம்புகிறார்கள். இந்திய சாசனம் 111-வது பிரிவில் நாள் கெடு எதுவும் எழுதப்படவில்லை. பெயர் ஒன்று, சமாசாரம் வேறு.

திண்ணைவாசி:
நன்றி. எல்லாத் தீர்மானமும் அதிபரிடம் போகுமா? மசோதாவில் ஒரு வரியை மட்டும் அடிக்க முடியுமா?

பழையபேப்பர்:
அடிக்க முடியாது. 1996-ல் அதற்கென்றே சட்டம் போட்டு கிளின்டனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 1998-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது. எடுத்தால் முழு மசோதா, விட்டால் முழு மசோதா.

சாசனத் திருத்தத் தீர்மானம் அதிபரிடம் போவதில்லை. இரு சபையும் சேர்ந்து போடும் சாதாரணத் தீர்மானமும் போகாது, ஆனால் அதற்குச் சட்ட பலமும் இல்லை. 1976 அவசரநிலைச் சட்டம் கோட்டைவிட்டது இங்கேதான். அத்தகைய தீர்மானத்தாலேயே அவசரநிலையை முடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வகை ஏற்பாடே செல்லாது என 1983-ல் தீர்ப்பு வந்ததும், அதிபரிடம் போகும் வகைத் தீர்மானமாக 1985-ல் மாற்றினார்கள். விளைவு: அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தை அதிபரே வீட்டோ செய்யலாம். 2019 மார்ச்சில் எல்லைச் சுவர் விவகாரத்தில் டிரம்ப் செய்தது அதுதான். முறியடிக்க விழுந்த ஓட்டு 248-181, தேவைப்பட்டது 286.