உலாவியிலேயே இயங்கும் எழுத்து உதவி: என் கணினியில் இயங்குகிறது, குழுவினர் கணினிகளில் இயங்கவில்லை

கடைசிவரி (கேள்வி):

வணக்கம். பிழை அறிக்கை எழுதும் படிவம் ஒன்றில் "திருத்தி எழுது" என்ற பொத்தானைச் சேர்த்து வருகிறேன். குரோமின் ரீரைட்டர் ஏபிஐ (எழுதியதைத் திருத்தித் தரும் உலாவி வசதி) மூலம், பயனரின் கணினியிலேயே இயங்கும் ஜெமினி நானோ என்ற சிறிய ஏஐ மாடல் அந்த வேலையைச் செய்கிறது. அறிக்கையோடு லாக் (நிரல் இயங்கும்போது பதிவாகும்) வரிகளையும் ஒட்டுவார்கள். அவை எந்தச் சர்வருக்கும் போகக்கூடாது என்பதால்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

பக்கம் திறந்தவுடன், மாடல் இந்தக் கணினியில் கிடைக்குமா என்று சொல்லும் அவைலபிலிட்டியைக் கேட்கிறேன். "அன்அவைலபிள்" என்று வராவிட்டால் உடனே, ரீரைட்டரை உருவாக்கும் கிரியேட்டை அழைத்துத் தயாராக வைத்துக்கொள்கிறேன். என் கணினியில் ஒரு தடங்கலும் இல்லை. குழுவில் ஒருவருக்குக் கன்சோலில் நாட்அலவ்ட்எரர் (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது. இன்னொருவருக்கு அவைலபிலிட்டியே "அன்அவைலபிள்" என்கிறது. மூவரிடமும் இருப்பது ஒரே குரோம் பதிப்பு. ஓரிஜின் டிரையல் டோக்கன் (சோதனையில் உள்ள வசதியைத் தளத்தில் பயன்படுத்தத் தரும் அனுமதிச்சீட்டு) சரியாக இருக்கிறது. ரீரைட்டர் என்ற பொருள் மூவர் உலாவியிலும் தென்படுகிறது.

இதோடு, மொழியாகத் தமிழைக் குறிப்பிட்டால் என் கணினியிலும் "அன்அவைலபிள்" வருகிறது. இவை எல்லாம் ஒரே சிக்கலா, தனித்தனிச் சிக்கல்களா?

திறமூலன்:

தனித்தனி. முதலில் நாட்அலவ்ட்எரர். உங்கள் கணினியில் மாடல் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, அதாவது நிலை "அவைலபிள்". அப்போது கிரியேட்டை எந்த நேரத்தில் அழைத்தாலும் உலாவி கேள்வி கேட்காது. நண்பரின் கணினியில் நிலை "டவுன்லோடபிள்" (இனிமேல்தான் இறக்க வேண்டும்) என்று இருக்கும். பல ஜிபி அளவுள்ள கோப்பை, பயனர் எதையும் தொடாமலேயே ஒரு வலைப்பக்கம் இறக்கத் தொடங்குவதை உலாவி அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆகவே கிரியேட்டைப் பொத்தானின் கிளிக் நிகழ்வுக்குள் கொண்டுபோங்கள். அதற்கு முன் சர்வரிடம் எதையாவது கேட்டு அவெயிட்டில் காத்திருக்காதீர்கள். கிளிக்கால் கிடைக்கும் அனுமதி சில நொடிகளில் காலாவதியாகிவிடும். சந்தேகம் வந்தால் அந்த வரியிலேயே நேவிகேட்டர்.யூசர்ஆக்டிவேஷன்.இஸ்ஆக்டிவ் என்ன சொல்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். கிரியேட்டுக்கு மானிட்டர் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், எவ்வளவு இறங்கியது என்று சொல்லும் டவுன்லோட்பிராகிரஸ் நிகழ்வு கிடைக்கும். அதைக் கட்டாயம் திரையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் பொத்தான் செத்துவிட்டது என்று நினைத்து மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள்.

இரண்டாமவருடையது பெரும்பாலும் வன்பொருள் விஷயம். குரோம் புரொஃபைல் இருக்கும் வட்டில் 22 ஜிபி காலி இடம் வேண்டும். 4 ஜிபிக்கு மேல் நினைவகம் கொண்ட ஜிபியு வேண்டும். இல்லையென்றால் 16 ஜிபி ரேமும் 4 கோர்களும் கொண்ட சிபியு வேண்டும். மாடல் இறங்கிய பிறகு காலி இடம் 10 ஜிபிக்குக் கீழே போனால் உலாவியே அதை நீக்கிவிடும். எனவே நேற்று இயங்கியது இன்று இயங்காமல் போகலாம். நிலையை ஒருமுறை கேட்டுச் சேமித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முகவரிப் பட்டையில் குரோம்://ஆன்-டிவைஸ்-இன்டர்னல்ஸ் திறந்தால் மாடலின் நிலை தெரியும்.

தமிழ்: குரோமின் 140ஆம் பதிப்பில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷும் ஜப்பானியமும் சேர்ந்தன. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மொழியைக் குறிப்பிடாமல் விட்டு ஏமாற்றிப் பார்க்காதீர்கள். வருகிற தமிழுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடைசிவரி:

மிக்க நன்றி. கிரியேட்டைக் கிளிக்குக்குள் மாற்றியதும் நண்பரின் கணினியில் இறக்கம் தொடங்கிவிட்டது. இன்னொருவரின் வட்டில் 9 ஜிபிதான் காலி. அப்படிப்பட்டவர்களுக்கும் தமிழில் எழுதுபவர்களுக்கும் மட்டும் சர்வர் மாடலுக்கு அனுப்பிவிடலாமா?

பிழைவேட்டை:

கேட்காமல் அனுப்பாதீர்கள். "எழுதுவது உங்கள் கணினியை விட்டுப் போகாது" என்று நம்பித்தான் ஒருவர் அந்தப் பெட்டியில் லாக்கை ஒட்டுகிறார். அதில் அணுகல் டோக்கனோ கடவுச்சொல்லோ இருக்கலாம். வட்டில் இடம் இல்லை என்ற காரணத்துக்காக அந்த வாக்குறுதி சத்தமில்லாமல் மாறுவது பெரிய அநியாயம். சர்வருக்கு அனுப்பும் பொத்தான் வேறு பெயரில், தனியாக இருக்கட்டும். அழுத்துகிறவர் தெரிந்தே அழுத்தட்டும். எழுதியது எந்த மொழி என்று கண்டறியும் லாங்குவேஜ் டிடெக்டர், குரோம் 138இலிருந்தே நிலையான பதிப்பில் இருக்கிறது. எழுதியது தமிழ் என்று அது சொன்னால் "திருத்தி எழுது" பொத்தானை மறைத்துவிடலாம். இரண்டு மூன்று சொற்களை மட்டும் வைத்து அது சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு வாக்கியமாவது சேரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பிழை அறிக்கையில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. ரீரைட்டரின் லெங்த் (நீளம்) விருப்பத்துக்கு "ஷார்ட்டர்" (இன்னும் சுருக்கமாக) கொடுத்தால், சிறிய மாடல் எதை வெட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. "வடிகட்டியைப் போட்ட பிறகு சேமி பொத்தானை இரண்டு முறை வேகமாக அழுத்தினால் பட்டியல் காலியாகிறது" என்ற வரி, "சேமிக்கும்போது சில வேளைகளில் பட்டியல் காலியாகிறது" என்று திரும்பி வரலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் வடிகட்டியும் இரண்டு முறை அழுத்தியதும் போய்விட்டன. பிழையை மறுபடி வரவழைக்க இருந்த ஒரே துப்பு அதுதான். லெங்த்தை "ஆஸ்-இஸ்" (உள்ளபடி) என்றே வையுங்கள். பிழைச்செய்தி, நிரல் துண்டு, லாக் ஆகியவற்றைப் பிரித்து எடுத்துவிட்டு, நடையாக எழுதிய பத்திகளை மட்டும் மாடலுக்குக் கொடுங்கள்.

வந்த விடையை உரைப்பெட்டியின் வேல்யூவில் நேரடியாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கண்ட்ரோல்-இசட் வரலாறு போய்விடும், பயனரால் தன் பழைய வரிகளை மீட்க முடியாது. பழையதையும் புதியதையும் அருகருகே காட்டி, ஏற்றுக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள்.

கடைசிவரி:

அருகருகே காட்டும்படி மாற்றிவிட்டேன். வேறுபட்ட சொற்களுக்கு நிறமும் கொடுத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: இந்தப் படிவத்தை வேறு தளங்கள் ஐஃபிரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பகுதியில்) பதிக்கின்றன. அங்கே இயங்குமா?

திறமூலன்:

வேறு ஓரிஜினிலிருந்து (வேறு தள முகவரியிலிருந்து) வரும் ஐஃபிரேமில் தானாக இயங்காது. பதிக்கும் தளம் ஐஃபிரேமின் அலவ் பண்பில் "ரீரைட்டர்" என்று சேர்க்க வேண்டும். அவர்கள் சேர்க்காவிட்டால் பொத்தான் தெரியாமல் இருப்பதே நல்லது. படிவம் மற்றபடி முழுமையாக இயங்கட்டும். பின்னணியில் நிரலை இயக்கும் வெப் வொர்க்கருக்குள்ளும் இது கிடைக்காது, அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.