போட்டோ பிரிண்டரில் லைட் மெஜந்தா (வெளிர் இளஞ்சிவப்பு மை) வரவே இல்லை, உதவி தேவை

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர், டை இங்க் (சாய மை), பீசோ ஹெட் (மின்சாரத்தில் அசையும் படிகத்தால் மையைத் தள்ளும் அச்சுத் தலை). ஜூன் மழையில் வேலையில்லாமல் சும்மா கிடந்தது. அதிலிருந்து நொசில் செக்கில் (ஒவ்வொரு நிறத்தின் துளைகளும் மை விடுகின்றனவா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்டில்) லைட் மெஜந்தா கோடே விழுவதில்லை. மற்ற ஐந்தும் சுத்தமாக வருகின்றன. கல்யாணப் படத்தில் பெண்ணின் முகம் பச்சை தட்டி நிற்கிறது. அதை எப்படிக் கையில் கொடுப்பது?

ஹெட் கிளீனிங் கொடுத்து, இரவு முழுக்க விட்டும் பார்த்தேன். வேலையில்லாதபோது ஹெட்டை மூடி வைக்கும் கெப்பிங் ஸ்டேஷனின் ரப்பர் ஓரத்தில் மை பிசினாய்க் காய்ந்திருந்தது, டிஸ்டில்ட் வாட்டரால் துடைத்தேன். டேங்கில் மை இருக்கிறது, டியூபில் காற்றுக் குமிழ் இல்லை. இன்னும் கிளீனிங் கொடுத்தால் கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் இங்க் பேட்தான் நிரம்பும். கண்டியில் காட்டினேன், புது ஹெட் போடச் சொல்கிறார்கள், அதற்கு வசதியில்லை.

கிளீனிங் சொல்யூஷனைச் சிரிஞ்சில் எடுத்து அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் மெதுவாகத் தள்ளினால் ஹெட் தாங்குமா?