மாநகராட்சிப் பள்ளி வேலையில் இருக்கும் சங்கடங்களை வெளிப்படையா எழுதுவது எப்படி?

சாக்பீஸ் டீச்சர்:
தண்டையார்பேட்டை பக்கம் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையோட ஆன்லைன் தகவல் தளம்) பதிவு, பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளை வெச்சுக்கிட்டு போர்ஷனை முடிக்கச் சொல்ற நெருக்கடி எல்லாத்தையும் ஃபேஸ்புக்குல உள்ளது உள்ளபடி எழுதணும். பிள்ளைங்க மானம் போகக்கூடாது, எனக்கு மெமோவும் வரக்கூடாது. பேரை மாத்தினா போதுமா?

கொடுங்கையூர்வாசி:
போதாது டீச்சர். உங்க கேள்வியிலேயே ஏரியா, பள்ளி வகை, வகுப்பு, பாடம் நாலும் வந்துடுச்சு. நாலையும் சேர்த்தா மிஞ்சுறது ஒண்ணு ரெண்டு பேர்தான். ஒரு பதிவுல இதுல ஒண்ணு மட்டும் இருக்கட்டும். அடுத்த பதிவுல இன்னொண்ணு வந்தாலும் ஆபத்துதான், ஏன்னா படிக்கிறவங்க பழசையும் புரட்டிப் பார்ப்பாங்க. முதல்லயே எதைச் சொல்றதுன்னு முடிவு பண்ணி அதிலேயே நில்லுங்க.

பிள்ளையைப் பத்தின்னா இன்னும் கவனம் வேணும். "அப்பா காசிமேட்டுல மீன்பிடி போட்டுக்குப் போறாரு, அக்கா பன்னெண்டாவது ஃபெயில், பையன் திக்கிப் பேசுவான்"னு எழுதினா பேரே தேவையில்ல. முதல்ல கண்டுபிடிக்கிறது பக்கத்து பெஞ்சுப் பையன்தான், மறுநாளே அது பட்டப்பேரா ஆயிடும். தனிப் பிள்ளையை எடுத்துட்டு, "வகுப்புல பாதிப் பேரால ஒரு பத்தியை நிறுத்தாம வாசிக்க முடியல"ன்னு எழுதுங்க. அதுல உண்மை ஒண்ணும் குறையாது.

போட்டோ வேண்டவே வேண்டாம். முகத்தை மறைச்சாலும் யூனிஃபார்ம், நோட்டு லேபிள், கரும்பலகை மூலையில இருக்கிற "பதிவு, வருகை" எண்ணிக்கை எல்லாம் காட்டிக்கொடுத்துடும். நடந்த அன்னைக்கே போடாம ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போடுங்க. பள்ளி நேரத்துல பதிவு போனா, சொன்ன விஷயத்தை விட்டுட்டு நேரத்தைத்தான் பிடிப்பாங்க.

பேசின்பிரிட்ஜ்:
தனிக் கணக்கு தொடங்குறதா இருந்தா புது மின்னஞ்சல்ல தொடங்குங்க, போன் நம்பர் கொடுக்காதீங்க. கான்டாக்ட்ஸ் ஏத்தவான்னு கேட்டா மறுத்துடுங்க. அனுமதிச்சுட்டா ஹெச்.எம்.முக்கும் பெற்றோருக்கும் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்"னு உங்க கணக்கு போய் நிக்கும். நம்பர் ஏற்கனவே இருந்தா, அதை வெச்சு யார் தேடலாம்ங்கிற இடத்துல "நான் மட்டும்"னு மாத்துங்க. வாட்ஸ்அப் டி.பி.யையே இங்கேயும் வைக்காதீங்க. "நண்பர்கள் மட்டும்"னு போட்டது பாதுகாப்புன்னு நம்பாதீங்க, ஸ்கிரீன்ஷாட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

பழைய வண்ணை:
புனைபெயர் சட்டப்படி காப்பு இல்லைங்கிறதையும் சேர்த்துக்குங்க. அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 அரசின் கொள்கையைப் பொதுவுல விமர்சிக்கிறதைக் கட்டுப்படுத்துது. மாநகராட்சி ஊழியருக்கு எந்த விதி பொருந்தும்னு உங்க நியமன ஆணையில பாருங்க. "திட்டம் தோல்வி"ன்னு தீர்ப்பு எழுதுறதைவிட "என் வகுப்புல இது இப்படி நடக்குது"ன்னு எழுதுறது பாதுகாப்பும்கூட, படிக்கிறவங்களுக்கும் அதுதான் பயன்படும். ஒரு தனி நபரைக் குத்திக்காட்டினா அவதூறு வழக்கு வரலாம், ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356. சொன்னது உண்மைன்னு காட்டினா மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதுன்னும் காட்டணும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் மழுப்பினா அது புலம்பலாத்தான் நிக்கும். "எமிஸ் வேலை தாங்கல"ன்னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஆப் சுத்திக்கிட்டே நின்னதுல 40 நிமிஷப் பீரியட்ல எத்தனை நிமிஷம் போச்சு, ஒரே விவரத்தை எத்தனை இடத்துல திரும்ப ஏத்தணும், இதை ஒரு வாரம் டைரியில குறிச்சு எழுதுங்க. பி.எல்.ஓ. வேலையைப் பலரும் சட்டவிரோதம்னு எழுதிடுறாங்க, அது தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27 ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாதுன்னு சொன்னாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி மூணுக்கும் விலக்கு கொடுத்திருக்கு. அந்த நாட்கள்ல எத்தனை பீரியட் போச்சு, மாற்று ஆள் வந்தாங்களா, அதை எழுதுங்க. அதே சட்டத்தோட அட்டவணை ஆறு முதல் எட்டு வரைக்கும் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேணும்னு சொல்லுது. உங்க வகுப்பு எண்ணிக்கையைப் பக்கத்துல வெச்சா வாதம் தானா நிக்கும்.

காசிமேட்டுப் பேச்சே வேண்டாம்னு நினைக்கவும் தேவையில்ல. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பள்ளி திறக்கிற நேரத்துல கடலோர வீடுகள்ல கையில காசு இருக்காது. இது ஒரு பிள்ளையோட ரகசியம் இல்ல, ஊருக்கே பொதுவானது. தாராளமா எழுதலாம்.

சாக்பீஸ் டீச்சர்:
நன்றி. வீட்டுல அடி, அதைவிட மோசமான விஷயம்னு ஒரு பிள்ளை வந்து சொன்னா? அதைப் பேரில்லாம எழுதலாமா?

பழைய வண்ணை:
கூடவே கூடாது. முதல்ல குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க. பாலியல் குற்றம்னா போலீஸுக்குத் தெரிவிக்கிறது போக்சோ சட்டம் பிரிவு 19 படி கட்டாயம். தெரிஞ்சும் சொல்லாம விட்டா பிரிவு 21-ல தண்டனை உண்டு. பிள்ளையோட பேர், பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம்னு அடையாளம் காட்டுற எதையும் வெளியிட பிரிவு 23 தடுக்குது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ம் அதைத்தான் சொல்லுது. வழக்கு முடிஞ்ச பிறகும் எழுதாதீங்க.

கொடுங்கையூர்வாசி:
கமெண்ட்டையும் பார்த்துக்குங்க. "இது அந்த ஸ்கூல்தானே"ன்னு ஒருத்தர் கேட்டா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க. ரெண்டு தடவை "இல்லை"ன்னு சொல்லிட்டு மூணாவதுக்கு பேசாம இருந்தா அதுவே பதிலாயிடும். அந்த மாதிரி கமெண்ட்டை உடனே அழிச்சுடுங்க.